அவர்களுடைய நேரத்திலிருந்து தொடங்குங்கள்

இமயமலைக் கிராமப் பெண்களோடு ஒரு நியாய வணிகக் கைவினைத் திட்டம்: முதல் ஆண்டு

உத்தராகண்டின் குமாவோன் மலைக் கிராமங்களில் வயலும் காடும் மாடும் தண்ணீரும் பெண்களின் பொறுப்பு. ஆண்களில் பலர் ராணுவத்துக்கும், ஹல்த்வானி, டெல்லி போன்ற ஊர்களின் ஹோட்டல், கடை வேலைகளுக்கும் போய்விடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அல்மோரா மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஊரில் தங்கியிருக்கும் பெண்களின் உழைப்பு ஓய்வதே இல்லை. ஆனால் அதில் காசாக மாறுவது மிகக் குறைவு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் தன் மருந்துக்கும்கூட வெளியூரிலிருந்து வரும் பணத்தையே அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கைவினை இந்த நிலையில் நல்ல வழி. சுரண்டலுக்கும் அது எளிதில் இடம்கொடுத்துவிடும். ‘சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள்’ என்று சொல்லித்தான் ஒரு ஸ்வெட்டருக்குச் சொற்பக் கூலி கொடுக்கப்படுகிறது. மலைப் பெண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரம் கிடையாது. அவர் ஊசியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்திலிருந்தோ, குழந்தையோடு இருக்கும் பொழுதிலிருந்தோ எடுத்தது. ஆகவே பெண்களின் நேரத்தை அளந்து, அதற்கு விலை வைத்துவிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும். எதைச் செய்வது, எப்போது செய்வது, என்ன விலைக்கு விற்பது, யார் உரிமையாளர் என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த அத்தியாயம் அங்கிருந்தே விடை தேடுகிறது.

கம்பளிப் பின்னலை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். இடம் குமாவோன். கட்வால், ஹிமாசலப் பிரதேசம், நேபாள மலைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. போவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள்

இமயமலையில் இந்த வேலை புதிதல்ல. குல்லு பள்ளத்தாக்கின் புட்டி கிராமத்தில் 1944இல் பதிவான நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், ‘புட்டிகோ’ என்ற பெயரில் குல்லு சால்வையை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. பித்தோராகட் மாவட்டத்தில் பெரிநாக் அருகே ரஷ்மி பாரதியும் ரஜ்னீஷ் ஜெயினும் தொடங்கிய ‘அவனி’ கைநெசவையும் இயற்கைச் சாயத்தையும் சூரிய சக்தியையும் ஒன்றாக இணைத்தது. ராணிகேத் பகுதியில் ‘மஹிளா உமங்’ பெண்களே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனம். பின்னலாடைகளோடு தேனும் பழப் பண்டங்களும் விற்கிறது. நேபாளத்தில் மீரா பட்டராய் 1984இல் தொடங்கிய கைவினை உற்பத்தியாளர் சங்கம், காத்மாண்டுவில் இருந்துகொண்டு பல மாவட்டங்களின் கைவினைஞர்களுக்கு வேலை தருகிறது.

இப்படிப்பட்ட ஓர் இடத்திலாவது அனுமதி கேட்டுச் சில நாட்கள் தங்கிப் பாருங்கள். கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, பொருள் ஒப்படைத்து எத்தனை நாளில் பணம் வருகிறது, நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்று விடைகளும் எந்த ஆண்டறிக்கையையும்விட அதிகம் சொல்லும்.

நீங்கள் நினைத்திருக்கும் பள்ளத்தாக்கிலேயே ஒரு நல்ல அமைப்பு வேலை செய்கிறது என்றால் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டாம். இரண்டு திட்டங்கள் ஒரே கிராமத்துப் பெண்களைப் பங்கு போட்டால் குழுக்கள் உடையும், நூல் விலை ஏறும், கூலி இறங்கும். அந்த அமைப்புக்கு இல்லாத திறன் உங்களிடம் இருந்தால் அதைக் கொண்டு போய்ச் சேருங்கள். வடிவமைப்பு, கணக்கு, விற்பனை என்று எதுவாகவும் அது இருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் பேசும் அளவுக்கு ஹிந்தி கற்றுக்கொண்டே போக வேண்டும். ஹிந்தி நன்றாகப் பேசும் ஆண் ஒருவரின் வழியாக மட்டும் பெண்களோடு பேசினால், அவர் சொல்ல நினைப்பதுதான் உங்களுக்குக் கேட்கும். வயதில் மூத்த பெண்களைத் ‘தீதி’ என்று அழைத்துப் பழகுங்கள். கூட்டத்தில் முதலில் பேசச் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. மாமியார் சம்மதிக்காத வேலைக்கு மருமகள் தொடர்ந்து வர முடியாது.

2. ராஜ்மா விதைக் கணக்கு

முதல் கூட்டத்தில் கைவினையைப் பற்றிப் பேசாதீர்கள். ஒவ்வொருவர் கையிலும் 24 ராஜ்மா விதைகளைக் கொடுங்கள். ஒரு விதை ஒரு மணி நேரம். தரையில் தூக்கம், சமையல், தண்ணீர், புல்லும் விறகும், மாடு, வயல், குழந்தைகள் என்று கட்டங்கள் வரைந்து, நேற்றைய நாளை அப்படியே வைக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் நாளைத் தானே அடுக்கிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் ‘பால் கறந்ததை விட்டுட்டியே’ என்று திருத்துவார்.

பலருக்கு மிஞ்சுவது இரண்டு, மூன்று விதைகள்தான். அவையும் அடுத்தடுத்து இருக்காது. மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று சிதறியிருக்கும். உங்கள் திட்டத்தின் உற்பத்தித் திறன் அந்தச் சிதறிய விதைகளின் கூட்டுத்தொகை. அதற்கு மேல் ஆர்டர் எடுத்தால் அது தூக்கத்திலிருந்துதான் வரும். அல்லது பள்ளிக்குப் போக வேண்டிய மகளின் நாளிலிருந்து வரும்.

அடுத்த கூட்டத்தில் இதையே ஆண்டுக்குச் செய்யுங்கள். மாதத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, வேலை கூடிய மாதத்தில் அதிக விதைகள் வைக்கச் சொல்லுங்கள். மலையின் நடு உயரக் கிராமங்களில் படம் ஏறக்குறைய இப்படி வரும். ஏப்ரல், மே மாதங்களில் கோதுமை அறுவடை. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை நெல் நாற்று நடவு. செப்டம்பர் வரை மழை, நிலச்சரிவு, சாலை அடைப்பு. செப்டம்பர் பின்பாதியும் அக்டோபரும் ஆண்டிலேயே கடினமானவை. நெல்லும் கேழ்வரகும் அறுக்க வேண்டும், குளிர்காலம் முழுவதற்கும் மாட்டுக்குப் புல் வெட்டிச் சேர்க்க வேண்டும். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வயல் வேலை குறைவு. கைவினைக்கான காலம் அதுதான்.

கம்பளிப் பொருள் விற்கும் காலமோ அக்டோபர் முதல் ஜனவரி வரை. வெளிநாட்டு மொத்த வாங்குபவர் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே சரக்கைக் கேட்பார். அப்போது பெண்கள் வயலிலும் புல்வெளியிலும் இருப்பார்கள். இந்த முரணைக் கவனிக்காமல் செப்டம்பரில் ஆர்டர் எடுக்கும் திட்டங்கள் பெண்களை இரவில் கண்விழிக்க வைக்கின்றன, அல்லது தேதி தவறி வாங்குபவரை இழக்கின்றன. குளிர்காலத்தில் பின்னி, மழைக்காலம் முழுவதும் பத்திரப்படுத்தி, அடுத்த அக்டோபரில் விற்பதே தீர்வு. அதற்கு முதலீடு வேண்டும். அதைப் பின்னர் பார்ப்போம்.

3. எந்தக் கைவினை?

நேரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

பின்னல்: ஊசியும் நூலும் பையில் அடங்கும். மாடு மேய்க்கும் இடத்திலும் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்திலும் எடுக்கலாம், எந்த நொடியிலும் கீழே வைக்கலாம். சிதறிய நேரத்துக்கு மிகப் பொருத்தம். பெரும்பாலான பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நெசவு: தறிக்கு இடமும் தொடர்ந்து உட்காரும் மணிகளும் வேண்டும். இந்தோ-திபெத் எல்லையை ஒட்டிய முன்சியாரி, தார்ச்சுலா பகுதிகளின் போட்டியா சமூகப் பெண்களுக்கு இது பரம்பரைக் கலை. திபெத்தோடு நடந்த வணிகத்தில் கம்பளி வந்துகொண்டிருந்தது. 1962 போருக்குப் பின் அந்த வழி அடைபட்டது. இருந்தும் ‘தான்’ என்னும் கம்பளமும் ‘துல்மா’ என்னும் கனத்த போர்வையும் இன்றும் நெய்யப்படுகின்றன. இரண்டும் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. அந்தப் பகுதியில் வேலை செய்தால் நெசவைத் தேர்ந்தெடுங்கள். பரம்பரை இல்லாத கிராமத்தில் தறியை இறக்கிப் பயிற்சியில் தொடங்குவது நீண்ட காலமும் பெரும் பணமும் கேட்கும்.

ரிங்கால்: உயரமான காடுகளில் வளரும் மெல்லிய மலைமூங்கில். கூடை முடைவது சில்ப்கார் என்றழைக்கப்படும் ஒடுக்கப்பட்ட சமூகங்களில் சில குடும்பங்களின் தொழிலாக இருந்து வந்திருக்கிறது. திட்டப் பணத்தோடு வேறு சாதியினர் அதில் இறங்கினால் அந்தக் குடும்பங்கள் தங்கள் சந்தையை இழக்கும். அவர்களை உறுப்பினர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் வைத்துத்தான் இதைத் தொடங்க வேண்டும். காட்டிலிருந்து வெட்ட வனப் பஞ்சாயத்தின் அனுமதியும் தேவை.

ஐபண்: செம்மண் பூச்சின் மேல் அரிசி மாவுக் கரைசலால் பெண்கள் விரலால் வரையும் குமாவோன் கோலம். இன்று துணியிலும் காகிதத்திலும் அழகாக வருகிறது. ஆனால் லட்சுமி சௌகி, சரஸ்வதி சௌகி போன்ற வடிவங்கள் பூஜைக்கு உரியவை. எந்த வடிவத்தை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும். கால்மிதியிலும் உட்காரும் மெத்தையிலும் தெய்வ வடிவத்தை அச்சிடும் வடிவமைப்பாளரை அந்த ஊருக்குள் அழைத்து வராதீர்கள்.

முதல் ஆண்டில் ஒரே கைவினை, மூன்று பொருள்கள் போதும். தொப்பி, கழுத்துத் துணி, காலுறை என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வெட்டர் வேண்டாம். அளவு தவறினால் ஒருவருடைய பல வார உழைப்பு வீணாகிவிடும்.

4. யாரோடு, எங்கே?

10 முதல் 20 பேர் கொண்ட சுய உதவிக் குழுதான் வழக்கமான அலகு. எட்டாத மலைப் பகுதிகளில் 5 பேரோடும் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழு அமைக்கலாம். ஊரில் ஏற்கெனவே சேமிப்புக் குழுவோ ‘மஹிளா மங்கள் தள்’ என்னும் பெண்கள் சங்கமோ இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். இருக்கும் குழுவில் யார் இல்லை என்று பாருங்கள். சாலையோர வீட்டுப் பெண்களே எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்கள். மேல் தோப்பில் தனித்திருக்கும் விதவை, சில்ப்கார் குடியிருப்புப் பெண், கணவரால் கைவிடப்பட்டவர் ஆகியோர் அழைக்காமல் வரமாட்டார்கள். ஆகவே கூடும் இடம் முக்கியம். ஒரு மேல்சாதி வீட்டு முற்றத்தில் கூட்டம் வைத்தால் வாசலிலேயே சிலர் நின்றுவிடுவார்கள். பள்ளிக் கட்டிடம், பஞ்சாயத்துக் கட்டிடம், அங்கன்வாடி போன்ற பொது இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஒரே கெட்டிலில் தேநீர் போட்டு எல்லோரும் குடிக்கும் வழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துங்கள்.

நூல் வாங்கவும் பொருள் கொடுக்கவும் பெண்கள் நடக்கும் தூரமும் அவர்களுடைய நேரமே. ஒருவர் இரண்டு மணி நேரம் நடந்து வந்தால் அன்றைய கைவினை நேரம் நடையிலேயே தீர்ந்தது. குழுவிலிருந்து ஒருவரை ஒருங்கிணைப்பாளராகத் தேர்ந்தெடுத்து, அவரிடம் நூலைக் கொடுத்து, பொருளை அவரே சேகரிக்கச் செய்யுங்கள். அவருடைய நடைக்கும் கணக்குக்கும் தனியாக மாதச் சம்பளம் வேண்டும். நிலம் வாங்காதீர்கள், கட்டிடம் கட்டாதீர்கள். வாடகைக்கு ஓர் உலர்ந்த அறை இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.

5. கூலியும் விலையும்

திட்டத்தின் நியாயம் தீர்மானிக்கப்படுவது இங்கேதான். மற்றப் பகுதிகளை வேகமாக வாசித்தாலும் இதைப் பென்சிலோடு வாசியுங்கள்.

முதலில் மணிக்கூலியை முடிவு செய்யுங்கள். திறன் பெற்ற தொழிலாளிக்கு மாநில அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச நாள்கூலியை எட்டால் வகுத்தால் அடித்தளம் கிடைக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. பிறகு குழுவோடு உட்கார்ந்து ஒரு குடும்பத்தின் மாதச் செலவை எழுதுங்கள்: ரேஷனுக்கு மேல் வாங்கும் பருப்பு, எண்ணெய், பள்ளி, மருந்து, பேருந்து, கேஸ் சிலிண்டர். நாளுக்கு எட்டு மணி நேரம் இந்த வேலையே செய்தால் கிடைக்கும் கூலி அந்தச் செலவை நியாயமாக ஈடுகட்டுமா என்று கேளுங்கள். ஈடுகட்டாவிட்டால் மணிக்கூலியை உயர்த்துங்கள்.

அடுத்து நேரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரே தொப்பியை வேகமானவர், நடுத்தரமானவர், நிதானமானவர் என்று மூவரிடம் கொடுத்து, தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் ஒவ்வொரு முறையும் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றின் சராசரியே கணக்கு. வேகமானவரின் நேரத்தை எடுத்தால் மற்ற எல்லோருக்கும் கூலி குறையும். நூல் சுற்றுவது, நுனிகளைத் தைத்து மறைப்பது, துவைத்து வடிவுக்குக் காய வைப்பது எல்லாம் வேலையே.

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் கணக்கு புரிவதற்காக எடுத்தவை. உங்கள் இடத்தின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பல நிறக் கோலம் போட்ட தொப்பி ஒன்று எட்டு மணி நேரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நூல் 120 கிராம், கிலோ 1,200 ரூபாய் வீதம்: 144
கூலி 8 மணி நேரம், மணிக்கு 70 வீதம்: 560
துவைத்தல், முத்திரை, பை: 30
நேரடிச் செலவு: 734
நிர்வாகம், போக்குவரத்து 20 சதவீதம்: 147
சேமநிதி, இதுவரையான கூட்டுத்தொகையில் 10 சதவீதம்: 88
மொத்த விலை: ஏறக்குறைய 970 ரூபாய்

கடைக்காரர் தன் வாடகை, வரி, லாபம் சேர்த்து இரட்டிப்பாக விற்பார். கடையில் தொப்பி 1,940 ரூபாய். அந்த விலைக்கு அது விற்பது கடினம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வியாபாரிகள் கூலியில் கை வைப்பார்கள். நீங்கள் வடிவமைப்பில் கை வையுங்கள். தடித்த நூலும் பெரிய ஊசியும் எடுத்து, நிறக் கோலத்தை ஓரத்தில் ஒரு பட்டையாக மட்டும் வைத்தால் வேலை நான்கு மணி நேரமாகிறது. கூலி 280, நேரடிச் செலவு 454, மொத்த விலை ஏறக்குறைய 600, கடை விலை 1,200. மணிக்கூலி அதே 70 ரூபாய். நல்ல வடிவமைப்பாளர் இந்தத் திட்டத்துக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான்: பெண்களின் ஒரு மணி நேரத்துக்குச் சந்தையில் முழு விலை கிடைக்கும் பொருளை அவர் உருவாக்கித் தர வேண்டும்.

இந்தக் கணக்கை ஹிந்தியில் பெரிய தாளில் எழுதி நூல் கொடுக்கும் அறைச் சுவரில் ஒட்டுங்கள். கடை விலையும் அதில் இருக்கட்டும். தன் தொப்பி டெல்லியில் என்ன விலைக்குப் போகிறது, இடையில் உள்ள பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது அதைப் பின்னியவரின் உரிமை. நூல் விலை மாறும்போதும், ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயமாகவும், எல்லோர் முன்னிலையிலும் கணக்கைத் திருத்துங்கள்.

பணம் போக வேண்டிய இடம் அந்தப் பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு. கணவரின் கணக்கோ மகனின் கைபேசி எண்ணோ வேண்டாம். கணக்கு இல்லாதவருக்குத் திறந்து கொடுப்பதைத் திட்டத்தின் முதல் மாத வேலையாக வையுங்கள்.

6. முன்பணமும் இருப்பும்

குளிர்காலத்தில் பின்னி அக்டோபரில் விற்பது என்றால் நடுவில் பல மாதங்கள் பணம் சரக்கில் முடங்கும். 20 பெண்கள் அந்த நான்கு மணி நேரத் தொப்பியை ஆளுக்கு 15 பின்னினால் 300 தொப்பிகள். நேரடிச் செலவு மட்டும் 1,36,200 ரூபாய். இந்தச் சுமை பெண்கள் தலையில் விழக் கூடாது. பொருளை ஒப்படைத்த வாரத்திலேயே கூலி அவர்களிடம் சேர வேண்டும். விற்ற பிறகு தருகிறோம் என்று சொல்லும் திட்டம், உள்ளதிலேயே ஏழையானவரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குகிறது.

உலக நியாய வணிக அமைப்பின் விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், உற்பத்தியாளர் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். மேலே சொன்ன 300 தொப்பிகளின் மொத்த விலை 1,80,000. முன்பணம் 90,000. மீதி 46,200 ரூபாயைத் திட்டத்தின் சுழல்நிதியிலிருந்தோ, குழுவின் வங்கிக் கடனிலிருந்தோ எடுக்கலாம். கடனின் வட்டி விலைக் கணக்கில் ஏறட்டும். இந்தச் சுழல்நிதி கையில் இல்லாமல் முதல் நூல்கண்டைக் கொடுக்காதீர்கள்.

மழைக்கால இருப்பு அறையைக் கவனியுங்கள். கம்பளிக்குப் பூச்சியும் பூஞ்சையும் எதிரிகள். துவைத்து முழுவதும் உலர்ந்த பொருளை மட்டும் காற்றுப் புகாத பையில் வைத்து, தரையிலிருந்து உயரமாக அடுக்குங்கள். வேப்பிலை, தேவதாரு மரத்துண்டு உதவும். மழை விட்ட வெயில் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

7. தரம்

இரக்கத்தால் ஒருவர் ஒரு தொப்பி வாங்குவார். இரண்டாவது தொப்பியைத் தரத்துக்காகத்தான் வாங்குவார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாதிரியும் அளவு அட்டையும் குழுவிடம் இருக்கட்டும். நூல் வாங்கிய அன்றே பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி, கண்ணிகளை எண்ணிப் பார்க்கச் செய்யுங்கள். ஒருவர் இறுக்கமாகப் பின்னுவார், ஒருவர் தளர்வாக. ஊசி எண்ணை மாற்றினால் இருவருக்கும் ஒரே அளவு வரும்.

பொருளைச் சோதிப்பவர் குழுவுக்குள் இருந்தே வரட்டும். இரு கிராமங்கள் இருந்தால் ஒரு கிராமத்துப் பொருளை மற்றொரு கிராமத்தார் பார்ப்பது உறவுச் சங்கடத்தைக் குறைக்கும். முதல் ஆண்டில் தவறிய பொருளுக்கும் கூலி கொடுத்து, நூலைப் பிரித்து மறுபடி பின்னச் செய்யுங்கள். அந்தச் செலவைப் பயிற்சிச் செலவாக முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். பயிற்சி நாட்களுக்கும் கூலி உண்டு.

8. நூல், சாயம், முத்திரையில் உண்மை

மலை ஆட்டின் கம்பளி பெரும்பாலும் முரடானது. கம்பளத்துக்கும் கோட்டுத் துணிக்கும் பைக்கும் நன்று, கழுத்தில் குத்தும். மென்மையான மெரினோ நூல் லூதியானா ஆலைகளிலிருந்து வருகிறது. அதன் கம்பளியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதியானது. எதைப் பயன்படுத்தினாலும் முத்திரையில் உள்ளதை எழுதுங்கள். ‘மெரினோ கம்பளி, குமாவோன் பெண்கள் கையால் பின்னியது’ என்பது உண்மை. அதையே ‘இமயமலைக் கம்பளி’ என்று எழுதினால் அது பொய். பஷ்மினா லடாக்கின் சாங்தாங் மேட்டுநில ஆடுகள் தருவது. அந்தப் பெயரை வேறு நூலுக்கு வைப்பவர்களால் உண்மையான பஷ்மினாவை நம்பி வாழும் பெண்கள் நஷ்டப்படுகிறார்கள். புவிசார் குறியீட்டுப் பெயரைப் பயன்படுத்தவும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்ய வேண்டும்.

இயற்கைச் சாயத்துக்கு மலையில் குறைவில்லை. அக்ரூட் காயின் பச்சைத் தோலில் பழுப்பு, மாதுளைத் தோலிலும் சாமந்தியிலும் மஞ்சள், மஞ்சிட்டி வேரில் சிவப்பு. மேய்ச்சல் நிலத்தை ஆக்கிரமிக்கும் யூபட்டோரியம் களையும் நல்ல நிறம் தரும். அதை வெட்டினால் ஊருக்கும் நன்மை. மஞ்சிட்டியின் வேரைக் காட்டிலிருந்து தோண்டித் தீர்த்துவிடாதீர்கள். நிறம் பற்றப் படிகாரம் போதும், குரோமியம் கலந்த உப்புகள் வேண்டாம். ஓர் ஆர்டருக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே தொகுதியாகச் சாயமேற்றுங்கள். அடுத்த தொகுதியில் நிறம் சற்று மாறியே வரும்.

சாயத் தொட்டியைக் கொதிக்க வைக்கும் விறகை யார் சுமப்பது என்று கேட்டுப் பாருங்கள். பெண்களின் சுமையைக் குறைக்க வந்த திட்டம் அவர்கள் முதுகில் இன்னொரு கட்டை ஏற்றக் கூடாது. சூரிய நீர்ச்சூடாக்கி வையுங்கள். புகை வெளியேறும் திறந்த கொட்டகையில் அடுப்பு இருக்கட்டும். இரவில் பின்னுபவர் வீட்டுக்கு நல்ல விளக்கு ஒன்று திட்டச் செலவில் போகட்டும்.

9. விற்பனையும் பதிவும்

முதல் ஆண்டில் மூன்று வழிகள் போதும். மே, ஜூன், அக்டோபர் மாதங்களில் கௌசானி, பின்சர், முக்தேஷ்வர் பக்கம் வரும் பயணிகளுக்கு விடுதிகள் வழியாக விற்பது ஒன்று. டெல்லியின் கைவினைச் சந்தைகளில் குளிர்காலத்தில் கடை போடுவது இரண்டாவது. அங்கே பெண்களில் இருவர் நிற்கட்டும். வாங்குபவர் எதைத் தொடுகிறார், எதை வைத்துவிடுகிறார் என்று அவர்கள் பார்ப்பது வேறெந்தப் பயிற்சியிலும் கிடைக்காது. அந்த நாட்களுக்கும் கூலி, தங்குமிடம், பயணச் செலவு தர வேண்டும். மூன்றாவது, முன்பணம் தரச் சம்மதிக்கும் ஒரே ஒரு மொத்த வாங்குபவர். ஆண்டு விற்பனையில் பாதிக்கு மேல் அவர் ஒருவரையே நம்பியிருக்க வேண்டாம். சரக்கு காத்கோதாம் ரயில் நிலையம் வரை சாலையில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் ஒப்படைப்புத் தேதி வைக்காதீர்கள்.

கைவினைஞர் ஒவ்வொருவருக்கும் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ‘பெஹ்சான்’ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். குழு வளர்ந்தபின் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யலாம். 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் போதும், இயக்குநர்கள் ஐவராவது வேண்டும், பங்கு எத்தனை இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. அந்த ஐவரில் பெரும்பாலோர் பின்னும் பெண்களாக இருக்கட்டும். ஏற்றுமதிக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவை. நன்கொடையும் விற்பனைப் பணமும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது. வெளிநாட்டு நன்கொடை பெற 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும்.

நியாய வணிகச் சான்றைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு அறிந்திருங்கள். தேயிலை, காபி, பருத்தி போன்ற விளைபொருள்களில் காணும் ஃபேர்ட்ரேட் முத்திரை பொருளுக்கானது. கைவினைக்கு உலக நியாய வணிக அமைப்பு முழு நிறுவனத்தையும் தன் பத்து கொள்கைகளின்படி பரிசோதிக்கிறது. இந்தியாவில் ஃபேர் டிரேட் ஃபோரம் இந்தியா வழியாகத் தொடர்புகொள்ளலாம். சான்றை அவசரமாகத் தேட வேண்டாம். கூலிப் பதிவேடு, கூட்டக் குறிப்பு, நேர அளவைத் தாள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால் சான்று கேட்கும் நாளில் எல்லாம் கையில் இருக்கும்.

10. முதல் ஆண்டு நாட்காட்டி

ஜூலை, ஆகஸ்டு: மற்ற அமைப்புகளைப் பார்த்தல், சுழல்நிதி திரட்டல்.
செப்டம்பர், அக்டோபர்: கிராமத்தில் தங்கிப் பார்த்தல் மட்டும். யாரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம். புல் வெட்டும் காலம்.
நவம்பர்: ராஜ்மா விதைக் கணக்கு, குழு, வங்கிக் கணக்குகள்.
டிசம்பர்: மாதிரிகள், நேர அளவை, மணிக்கூலி.
ஜனவரி: மாதிரிகளோடு வாங்குபவரைச் சந்தித்தல், முன்பண ஒப்பந்தம்.
ஜனவரி முதல் மார்ச் வரை: பின்னல், வாரந்தோறும் கூலி.
ஏப்ரல்: சோதனை, இருப்பு. அதன்பின் வயல் வேலை முடியும் வரை ஆர்டர் கிடையாது.
மே, ஜூன்: விடுதிகளில் விற்பனை.
அடுத்த அக்டோபர், நவம்பர்: மொத்தச் சரக்கு அனுப்புதல், டெல்லிச் சந்தைக்கு ஆயத்தம்.

11. ஆண்டு முடிவில் கேட்க வேண்டியவை

முழுக் குழுவையும் கூட்டி, கணக்கைத் திறந்து வைத்து, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எல்லோருக்கும் பேசிய மணிக்கூலி, பேசிய வாரத்தில் கிடைத்ததா? விதைகளை மறுபடி அடுக்கிப் பார்த்தால் தூக்கக் கட்டத்திலோ மகள்களின் பள்ளியிலோ ஏதாவது குறைந்திருக்கிறதா? நீங்கள் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் நூல் கொடுப்பது, பொருள் வாங்குவது, கூலி எழுதுவது மூன்றையும் அவர்களே நடத்துவார்களா?

ஒன்றுக்கு விடை திருப்தியாக இல்லையென்றாலும் பெரிய ஆர்டர் எடுக்க வேண்டாம். அதைச் சரிசெய்வதே இரண்டாம் ஆண்டின் வேலை. மூன்றும் சரியென்றால் பக்கத்துக் கிராமத்தில் அடுத்த குழுவைத் தொடங்கலாம். அங்கே விதைக் கணக்கை நடத்தவும் கூலிக் கணக்கை விளக்கவும் முதல் குழுவின் பெண்களே போகட்டும். நடக்கும் நேரத்தையும் சேர்த்து, அந்த நாட்களுக்கும் அதே மணிக்கூலியைக் கொடுங்கள்.